இதயத்தைப் படம் எடுக்கும் காந்தம்

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர் அதைச் சுற்றி வர 4 மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். நடக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100 என்றால், ஒரு சுற்று முடிவதற்குள் அவருடைய இதயம் 24,000 தடவை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. பெருக்கிப் பாருங்கள், 1,680 லிட்டர் வரும். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஒன்றரை முறைக்கு மேல் நிரப்பிவிடலாம்.

பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றுகிறவர்களின் இதயத்துக்கும் சுற்றாதவர்களின் இதயத்துக்கும் ஏதேனும் வேறுபாடு இருக்குமா? நல்ல ஆராய்ச்சிக் கேள்விதான். இதை ஆராய ஒரு மருத்துவக் கல்லூரி முற்பட்டு, திருவண்ணாமலையில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் தாத்தா 30 ஆண்டுகளாகக் கிரிவலம் வருபவர். "ஐயா, உங்கள் இதயத்தை எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுக்க விரும்புகிறோம். கட்டணம் கிடையாது. வேலூருக்குப் போய்வரும் பஸ் செலவும் எங்களுடையது" என்கிறார்கள். தாத்தாவுக்கு விருப்பம்தான். ஆனாலும், படிக்கிற பிள்ளையாயிற்றே என்று உங்கள் பக்கம் திரும்பி, "ஏம்பா, இதுலே ஆபத்து ஏதாச்சும் உண்டா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

"ஒன்றும் ஆகாது தாத்தா" என்பது சரியான விடை அன்று. "வேண்டவே வேண்டாம்" என்பதும் சரியன்று. நெஞ்சுவலியோடு வரும் நோயாளிக்கு மருத்துவர் படம் எடுத்தால், அதன் பலன் அந்த நோயாளிக்கே போய்ச் சேருகிறது. சிறிது அபாயம் இருந்தாலும் பலனும் அவருடையதே. ஆராய்ச்சிக்காக எடுக்கும் படம் வேறு வகை. அதன் பலன் நாளை யாரோ ஒருவருக்குக் கிட்டும். அபாயம் மட்டும் இன்று கருவிக்குள் படுத்திருப்பவருக்கு. ஆகவே, மருத்துவத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடிய சிறு அபாயத்தைக்கூட ஆராய்ச்சியில் எடை போட்டே பார்க்க வேண்டும்.

கதிர் இல்லை, காந்தம் உண்டு

எக்ஸ்-கதிர்ப் படத்திலும் சி.டி. ஸ்கேனிலும் உடலுக்குள் புகும் கதிர்கள் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறியும் ஆற்றல் உடையவை. எம்.ஆர்.ஐ. அத்தகையது அன்று. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்கிறது. வலுவான காந்தப்புலத்தில் வைத்து, தக்க அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் ஆற்றலை ஏற்றுப் பின்னர் மெல்லிய குறிப்பலையாகத் திருப்பித் தருகின்றன. 1.5 டெஸ்லா காந்தத்தில் அந்த அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். உங்கள் பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்புகிறது; ஏறக்குறைய அதே குடும்பத்து அலைதான். திரும்பி வரும் குறிப்பலைகளைக் கொண்டு கணிப்பொறி படத்தைக் கட்டுகிறது.

முதலில் இம்முறையின் பெயரில் 'அணுக்கரு' என்ற சொல்லும் இருந்தது. அணு என்றதும் மக்கள் அணுகுண்டை நினைத்து மிரண்டதால், மருத்துவமனைகள் அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டன! பெயரால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது.

1.5 டெஸ்லா என்பது எவ்வளவு? தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. கருவியின் புலம் அதைப்போல் ஏறக்குறைய 37,000 மடங்கு. சாதாரணக் கம்பிச்சுருளால் இவ்வளவு பெரிய புலத்தை ஓயாமல் தாங்க முடியாது. நயோபியம்-டைட்டானியம் கலப்பு உலோகக் கம்பியைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, –269 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பி மீக்கடத்தி ஆகிறது. மின்தடை அறவே மறைகிறது. ஒருமுறை ஓடவிட்ட மின்னோட்டம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

(இந்த ஹீலியத்துக்கும் பழைய சென்னை மாகாணத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் இருந்து ஆராய்ந்தார்கள். சூரிய நிறமாலையில் தெரிந்த புதிய மஞ்சள் கோட்டைத் தொடர்ந்து போனதில்தான் ஹீலியம் பிடிபட்டது.)

மீக்கடத்தி என்பதால் ஒரு முக்கியமான விளைவு. விளக்கை அணைத்தாலும், கணிப்பொறியை நிறுத்தினாலும், நோயாளி யாரும் இல்லாவிட்டாலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்படியே. இதை மறந்ததால் நேர்ந்த துயரம் நம் நாட்டிலேயே உண்டு. 2018 ஜனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த 32 வயது உறவினர் ஒருவர் ஆக்சிஜன் உருளையுடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். கருவி நிறுத்தப்பட்டிருப்பதாக ஊழியர் சொன்னார் என்று குடும்பத்தினர் கூறினர். காந்தம் உருளையோடு அவரையும் சேர்த்து இழுத்தது. உருளையிலிருந்து பீறிட்ட ஆக்சிஜன் நுரையீரலைத் தாக்க, அவர் உயிரிழந்தார். அதற்கு முன்பே, 2014 நவம்பரில், நவி மும்பையின் கார்கரில் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் இரண்டு ஊழியர்கள் உருளைக்கும் கருவிக்கும் இடையில் ஏறக்குறைய 4 மணி நேரம் சிக்கித் தவித்தார்கள்.

மும்பையில் உயிரிழந்தவர் படம் எடுத்துக்கொள்ள வந்தவரே அல்லர் என்பதைக் கவனியுங்கள். தாத்தாவோடு துணைக்குப் போகும் நீங்களும் கணக்கில் சேர்ந்தவர்தான். இரும்பு தொலைவில் இருக்கும்போது இழுப்பு கொஞ்சமாகத் தோன்றும். நெருங்க நெருங்கத் திடீரென்று பெருகும். கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் அதனால்தான் பொய்த்துப் போகிறது. காந்தத்தை உடனே அணைக்க ஓர் அவசரப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரவ ஹீலியம் கொதித்து ஏறக்குறைய 700 மடங்கு விரிந்து, கூரைக் குழாய் வழியே வெளியேறும். குழாய் அடைத்துக்கொண்டால் அறையில் உள்ள காற்றை ஹீலியம் விரட்டிவிடும், மூச்சுத் திணறும். ஆகையால் உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை.

ஊக்கும் ஜரிகையும்

கருவி அறைக்குள் நுழையுமுன் உடலில் உள்ள உலோகம் அனைத்தையும் கழற்றச் சொல்வார்கள். நம் ஊர்ப் பெண்மணிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சங்கிலியிலேயே நாலைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார்கள். பொன்னைக் காந்தம் இழுக்காது. ஊக்கு எஃகு, பாய்ந்துவிடும். கொண்டை ஊசி, அரைஞாண் கயிற்றில் தொங்கும் தாயத்து, சட்டைப்பையில் மறந்துபோன சாவி எல்லாமே இந்தப் பட்டியலில் அடங்கும்.

காந்தம் இழுக்காத உலோகத்தாலும் தொல்லை உண்டு. வானொலி அலை உடலில் வெப்பமாக மாறுகிறது. மைக்ரோவேவ் அடுப்பை நினைத்து அஞ்ச வேண்டாம். உடல் முழுவதற்கும் சராசரியாக, சாதாரண முறையில் கிலோவுக்கு 2 வாட் என்ற வரம்பைக் கருவியே காக்கும். ஆனால் கடத்தி ஒன்று வளையமாகக் கிடந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த ஓரிடம் மட்டும் சுடும். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிப் பட்டைப் பாருங்கள். ஜரிகையில் வெள்ளியும் செம்பும் உண்டு. இரண்டுமே அருமையான கடத்திகள். பட்டுப்புடவையோ ஜரிகை வேட்டியோ கட்டிக்கொண்டு கருவிக்குள் படுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மருத்துவமனைப் பருத்தி அங்கி அழகாக இராது; அதுதான் பாதுகாப்பு. கைகளைக் கோத்துக்கொண்டு படுப்பதும் கூடாது. உடலே ஒரு மின்வளையம் ஆகிவிடும்; தோலும் தோலும் தொடும் இடத்தில் கொப்புளம் கிளம்பலாம்.

இனிச் சத்தம். காந்தப்புலத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் சுருள்கள் அதிர்வதால் எழும் ஓசை 100 டெசிபலையும் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் படுக்கக் கூடாது. சுரங்கம் போன்ற குழாயின் விட்டம் 60 அல்லது 70 சென்டிமீட்டர். அண்ணாமலையின் விருபாட்ச குகையில் மணிக்கணக்காக அமைதியாக அமர்ந்திருப்பவர்கூட, அந்தக் குழாய்க்குள் படபடத்துப் போகலாம். கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் வெளியே இழுத்துவிடுவார்கள்.

இதயத்துக்கே உரிய சிக்கல்

மூளையைப் படம் எடுப்பது எளிது, அது அசையாது. இதயமோ ஓயாது. ஓடும் ரயிலைப் படம் எடுத்தால் கலங்கித் தெரிவது போல இதயமும் கலங்கித் தெரியும். எனவே நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி, ஈ.சி.ஜி. அலையைப் பார்த்து, துடிப்பின் ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்பக் குறிப்பலைகளைச் சேகரிக்கிறார்கள். மூச்சால் நெஞ்சு அசையாதிருக்க, 10 முதல் 15 விநாடி வரை மூச்சை அடக்கச் சொல்வார்கள். ஒருமுறை அல்ல, பல முறை. முழுவதும் முடிய ஒரு மணி நேரம் ஆகலாம். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இது அலுப்பு. இதயம் தளர்ந்தவருக்கோ அவ்வளவு நேரம் மல்லாந்து கிடப்பதே துன்பம்.

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் ஒன்று வேலை செய்கிறது. இரத்தத்தில் மின்னூட்டமுள்ள அயனிகள் உண்டு. அவை காந்தப்புலத்தினூடே பாயும்போது நேர் அயனிகள் ஒரு பக்கமும் எதிர் அயனிகள் மறு பக்கமும் ஒதுங்குகின்றன. மகாதமனியின் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுகிறது. காந்தப்புலம் 1.5 டெஸ்லா, இரத்தத்தின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர், தமனியின் விட்டம் 0.025 மீட்டர் என்று கொண்டு மூன்றையும் பெருக்குங்கள்: 0.0375 வோல்ட், அதாவது 37 மில்லிவோல்ட்டுக்கு மேல். தோலை வந்தடையும்போது இது வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் தோலில் நாம் அளக்கும் ஈ.சி.ஜி. அலையே சுமார் 1 மில்லிவோல்ட்தானே! ஆகவே கருவிக்குள் ஈ.சி.ஜி. உருக்குலைகிறது. இந்த மின்னழுத்தம் இதயத்துக்குத் தீங்கு செய்வதில்லை. தீங்கு வேறு விதத்தில்: படுத்திருப்பவருக்கு உண்மையாகவே இதயத்தில் இரத்த ஓட்டம் குறைந்தால், வழக்கமாக அதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.சி.ஜி. மாறுதலை இங்கே நம்ப முடியாது. அதனால்தான் அருகில் தேர்ந்த மருத்துவர் இருக்க வேண்டும் என்பது.

மாறும் காந்தப்புலம் உடலில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே விதி. அது இதயத்தையே தடுமாறச் செய்யுமா? தொடக்க நாட்களில் விஞ்ஞானிகளுக்கே இந்த அச்சம் இருந்தது. 1977இல் அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன், மனித உடல் முழுவதும் நுழையும் முதல் கருவியைக் கட்டியபோது, தாமே உள்ளே அமர்ந்தார். அருகில் ஒரு மருத்துவர் தயாராக நின்றார். படம் விழவில்லை, அவருடைய உடல் பருமன் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அவருக்கு ஏதாவது ஆகிறதா என்று சில வாரங்கள் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஒல்லியான உதவியாளர் லாரி மின்காஃப் ஜூலை 3 அன்று அமர்ந்தார். ஏறக்குறைய 5 மணி நேரத்தில் கிடைத்தது ஒரே ஒரு மார்புப் படம். அதில் இதயமும் தெரிந்தது! அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட், ஆபத்து நேரலாம் என்று எச்சரித்தும் கேளாமல், தம் வயிற்றையே படம் எடுக்கக் கருவிக்குள் புகுந்தார். நலமாக வெளியே வந்தார். அவருக்கும் பால் லாட்டர்பருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அறிந்துள்ளபடி, இதயத்தைத் தூண்டத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவிலேயே தோல், தசை நரம்புகள் தூண்டப்பட்டுவிடும். முதுகில் அல்லது கையில் குறுகுறுப்போ சிறு துள்ளலோ தெரியும். அதற்கும் கீழேயே நிற்கும்படி கருவிக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

அக்காலத்தில் விஞ்ஞானி தம் உடலைத் தாமே பணயம் வைத்தார். பிறர் உடலைக் கேட்கும்போது அந்தத் துணிச்சல் பொருந்தாது.

கருவியைவிட மருந்தைக் கவனியுங்கள் என்றே சொல்வேன். இதயத் தசையில் தழும்பு உண்டா என்று அறிய, கடோலினியம் சேர்ந்த மருந்தைச் சிரை வழியே செலுத்துவதுண்டு. சுமார் 10 நிமிடம் கழித்துத் தழும்புள்ள இடம் படத்தில் பளிச்சிடும். தனி கடோலினியம் அயனி நஞ்சு. அளவில் கால்சியம் அயனியைப் போலிருப்பதால் கால்சியம் செல்லும் வழிகளை அடைத்துவிடும். அதனால் நண்டு தன் கொடுக்கால் கவ்வுவது போல ஒரு கரிம மூலக்கூறு அதைக் கவ்விப் பிடித்த நிலையில்தான் மருந்தாகத் தருகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களில் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோய் வந்தது. அதற்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல்தான் வெளிப்பட்டது. மருந்து புழக்கத்துக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து! நல்ல சிறுநீரகம் உள்ளவர்களின் மூளையிலும் நுண்ணளவில் கடோலினியம் தங்குவதை 2014இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். அதனால் நோய் வருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் கவ்வுதல் தளர்ந்த சில வகை மருந்துகளை ஐரோப்பா 2017இல் நிறுத்திவைத்தது. தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், சிறுநீரகப் பரிசோதனை முடிவு இல்லாமல் இந்த ஊசிக்கு இசையக் கூடாது.

சில ஆய்வுகளில் அடினோசின் என்ற மருந்தும் தருவார்கள். மலை ஏறாமலேயே மலையேறியது போன்ற நிலையை இதயத்தின் இரத்தக் குழாய்களில் உண்டாக்குவது அது. நெஞ்சில் அழுத்தம், மூச்சுவாங்கல், முகம் சிவத்தல் தோன்றிச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. முந்தைய நாளிலிருந்தே காப்பி குடிக்கக் கூடாது. காப்பியில் உள்ள கஃபீன் அடினோசினின் வேலையைத் தடுத்துவிடும். விடியற்காலை டிகாஷன் காப்பி இல்லாமல் தாத்தா இருப்பாரா என்பதையும் யோசியுங்கள்!

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய வகைக் கருவிகள் காந்தப்புலத்தில் தாறுமாறாக நடக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவாறு செய்த புதிய வகைகளும் குறிப்பிட்ட நிபந்தனைகளோடுதான் பாதுகாப்பானவை. செயற்கை வால்வு, ஸ்டென்ட் முதலியவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஆனால் 'பெரும்பாலும்' என்பது போதாது. அறுவை செய்த மருத்துவமனை கொடுத்த அட்டையைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

தேடாதது கிடைத்தால்

பிரிட்டனில் 'யு.கே. பயோபாங்க்' என்ற அமைப்பு 1,00,000 பேரின் இதயம், மூளை, வயிறு ஆகியவற்றை எம்.ஆர்.ஐ. படம் எடுத்து 2025இல் அந்த எண்ணிக்கையை எட்டியது. முதல் 1,000 பேரின் படங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கருவியை இயக்குபவர் கண்ணில் தற்செயலாகப் பட்டதை மட்டும் குறித்தபோது, 18 பேருக்குச் சந்தேகத்துக்குரிய ஏதோ ஒன்று தெரிந்தது. கதிரியல் மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் முறையாகப் பார்த்தபோது 179 பேர்! மேற்கொண்டு பரிசோதித்ததில் அவற்றில் பெரும்பாலானவை தீவிரமானவை அல்ல என்று தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில் அவர்கள் உறங்கியிருப்பார்களா? மேல்பரிசோதனை, செலவு, கவலை எல்லாமே ஆராய்ச்சியின் அபாயத்தைச் சேர்ந்தவைதான். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஆராய்ச்சிப் படம் நோய் தேடி எடுத்ததன்று. "படம் எடுத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை; ஆகவே இதயம் நன்றாக இருக்கிறது" என்று எண்ணி, பின்னர் வரும் நெஞ்சுவலியைத் தாத்தா அலட்சியம் செய்தால்?

கையெழுத்துக்கு முன்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வு பற்றிய விவரத்தாள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நம் தாத்தாவுக்கு அது தமிழ். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வைச் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். நெறிமுறைக் குழு முன்கூட்டியே திட்டத்தைப் பார்த்து இசைவு தந்திருக்க வேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எந்த நிமிடத்திலும், காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம். அதனால் அந்த மருத்துவமனையில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

ஆகையால் தாத்தாவின் சார்பில் நீங்கள் கேளுங்கள். ஊசி போடுவார்களா, வெறும் படம் மட்டுமா? ஊசி என்றால் எந்த மருந்து? படத்தை மருத்துவர் பார்ப்பாரா? ஏதேனும் தென்பட்டால் யாரிடம், எப்படிச் சொல்வார்கள்? பஸ் செலவு தருவது முறை. ஆனால் ஒருவர் தம் அச்சத்தையே மறந்து சம்மதிக்கும் அளவுக்குப் பணம் தருவது முறையன்று.

உங்களையே பங்கேற்கச் சொன்னால்? 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். அது மட்டும் போதாது. 12 முதல் 18 வயது வரை உள்ளவரின் இசைவையும் எழுத்தில் பெற வேண்டும் என்கிறது நெறிமுறை. அப்பா தலையாட்டிய பிறகும், "எனக்கு விருப்பமில்லை" என்று நீங்கள் சொல்லலாம்.

வீட்டில் செய்து பார்க்க

பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்கு, கொண்டை ஊசி, வெள்ளி மெட்டி, செம்புக் காப்பு, பித்தளைக் குத்துவிளக்கு, வீட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளர்கள் ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டு செல்லுங்கள். எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று பட்டியல் போடுங்கள். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டா. நிக்கல் போதிய அளவு சேர்ந்த வகைகள் பொதுவாக ஒட்டுவதில்லை. உடலுக்குள் பொருத்தும் எஃகுப் பொருள்களிலும் இந்த வேறுபாடு உண்டு. "எஃகு" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு செய்யாமல் அட்டையைக் கேட்பது அதனால்தான்.

அடுத்து, ஒரு கனமான செம்புத் தகட்டைச் சாய்த்து வைத்து அதன்மேல் காந்தத்தை வழுக்கிவிடுங்கள். பிறகு அதே சாய்வில் ஒரு மரப்பலகையின்மேல் விடுங்கள். செம்பைக் காந்தம் இழுப்பதில்லை. ஆயினும் செம்பின்மேல் அது மெதுவாக வழுக்குவதைக் காண்பீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் செம்புக்குள் சுழலும் மின்னோட்டமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. காந்தத்தில் ஒட்டாத செம்புக் காப்பையும் கழற்றிவிட்டுத்தான் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போக வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை இப்போது நீங்களே விளக்கி எழுதுங்கள்.